தாம்வே முதியோர் இல்லத்தில் சனிக்கிழமைத் தன்னார்வலர் வேலை: போகலாமா?

யாங்கூனில் படிக்கிற நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர், "எங்கேயாவது தன்னார்வலரா போகணும்னு ஆசையா இருக்கு, எந்த இடம் நல்லா இருக்கும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதை விட இங்கே ஒரே தடவையில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் சொல்லப்போவது யாங்கூனின் தாம்வே பகுதியில் சில கிறிஸ்தவச் சபைகள் சேர்ந்து நடத்தும் முதியோர் இல்லத்தைப் பற்றி, குறிப்பாக அங்கே சனிக்கிழமை காலையில் தன்னார்வலர்கள் செய்கிற வேலையைப் பற்றி. நான் இன்செயின் செமினரி ஹில்லில் இறையியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன், முதல் வருடத்திலிருந்தே அங்கே போகிறேன். இல்லத்தின் பெயரும் தெருவும் வெளியே வர வேண்டாம் என்று பொறுப்பில் இருக்கும் மேட்ரன் அக்கா கேட்டுக்கொண்டார், இப்போதைய நிலைமையில் அது நியாயமான ஆசைதான். தமிழ்ச் சபைகளில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

ஒரே வரியில் பதில் வேண்டும் என்பவர்களுக்கு: போங்கள், ஆனால் வாரம் தவறாமல் வர முடியும் என்றால் மட்டும் போங்கள். அந்த இல்லத்தின் சட்டமே அதுதான், அதைத்தான் நான் அங்கே எல்லாவற்றையும் விட அதிகமாக மதிக்கிறேன். சேருகிற அன்றைக்கு மேட்ரன் அக்கா ஒரு நீள நோட்டை எடுத்து உங்கள் பெயர், வருகிற கிழமை, நேரம் எல்லாம் எழுதுவார். பிறகு அதற்குப் பக்கத்தில் இல்லத்தில் இருக்கும் மூன்று பேருடைய பெயரை எழுதுவார். அந்த மூன்று பேரும் உங்கள் பொறுப்பு. வர முடியாவிட்டால் முந்தின நாளே போன் செய்துவிட வேண்டும், ஏனென்றால் யாராவது அந்த மூன்று கட்டிலுக்கும் போய் "இன்னைக்கு அவ வரமாட்டா" என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பார்கள். மாதத்துக்கு ஒரு தடவை கூட்டமாக வந்து பிஸ்கட் கொடுத்துப் பாட்டுப் பாடிவிட்டுப் போகிறோம் என்று வருகிறவர்களிடம் பொருளை அலுவலகத்திலேயே நன்றியோடு வாங்கிக்கொள்கிறார்கள், வார்டுக்குள் அழைத்துப் போவதில்லை. வார்டில் போன் எடுக்கவே கூடாது.

கொஞ்சம் கண்டிப்பாகத் தெரியலாம். நான் இதற்கு முன்னால் வேறொரு பெரிய அமைப்போடு போயிருக்கிறேன், அதன் பெயர் வேண்டாம். டி-ஷர்ட் கொடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள், போன இடத்தில் ஒரு தாத்தாவின் கையில் சோப்புப் பொட்டலத்தைக் கொடுப்பதை நாலு கோணத்தில் போட்டோ எடுத்தார்கள். போட்டோ சரியாக வரவில்லை என்று பொட்டலத்தைத் திரும்ப வாங்கி இன்னொரு தடவை கொடுக்கச் சொன்னார்கள். அந்தத் தாத்தா ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதனால்தான் தாம்வேயின் கண்டிப்பு எனக்குக் கண்டிப்பாகவே படவில்லை. அங்கே படுத்திருக்கிறவர்களைத் தங்கள் வீட்டு மனிதர்களாக நினைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

வேலை என்ன? காலை ஏழரைக்கு உள்ளே போனால் பதினொன்றரை வரை. முதலில் கை கழுவுவது, அதற்கே ஒரு பாடம் உண்டு. பிறகு கஞ்சி ஊட்டுவது. சுலபமான வேலை என்றுதான் எல்லோரும் நினைத்து வருகிறார்கள். படுத்தவாக்கில் ஊட்டக் கூடாது, முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், சின்னக் கரண்டியில் அரைக் கரண்டி, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குப் பலமாக இருக்கும் பக்கத்துக் கன்னத்தில் வைக்க வேண்டும். ஊட்டி முடித்து அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்க வேண்டும், அவசரத்தில் சாய்த்துவிட்டால் உணவு மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. அந்த நாற்பது நிமிடமும் வேறு எதையும் செய்ய முடியாது, போனைப் பார்க்க முடியாது, அடுத்த வேலையை நினைத்தால்கூடக் கரண்டி வேகமாகப் போய்விடுகிறது. ஜெபத்தில் என்னால் இவ்வளவு நேரம் மனதை ஒரே இடத்தில் நிறுத்த முடிந்ததில்லை.

அப்புறம் புரட்டிப் படுக்க வைப்பது. எழுந்து நடக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருக்களித்து மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் இடுப்பெலும்பு, வால் எலும்பு, குதிகால் இங்கெல்லாம் தோல் சிவந்து படுக்கைப் புண் வந்துவிடும். விரலால் அழுத்தினால் சிவப்பு மறைய வேண்டும், மறையாவிட்டால் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். பிறகு ஈரத்துணியால் துடைப்பது, டயப்பர் மாற்றுவது, தலை சீவுவது, கன்னத்தில் தனாக்கா (மரப்பட்டையை அரைத்த சந்தனம் மாதிரியான பூச்சு) பூசுவது. தனாக்கா பூசாமல் வெளி வராந்தாவுக்கு வரவே மாட்டேன் என்கிற பாட்டிகள் இருக்கிறார்கள், அவர்களுக்காகவே கல்லில் அரைத்து வைத்திருப்பார்கள். நகம் வெட்டுவது மட்டும் நம் வேலை இல்லை, சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் சின்னக் கீறல் பட்டாலும் லேசில் ஆறாது என்பதால் அதை நர்ஸ்தான் செய்வார்.

எங்கள் கல்லூரியில் அமெரிக்க மிஷனரி ஜட்சனைப் பற்றிப் பேசாத நாளே இருக்காது. அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும் 1813 ஜூலையில் ரங்கூனுக்கு வந்து இறங்கினார்கள், முதல் ஆள் ஞானஸ்நானம் பெறவே 1819 ஆனது. பர்மிய வேதாகமம், அகராதி என்று அவர் செய்தவற்றைப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறோம். ஆனால் வார்டில் வேலை செய்யும்போது எனக்கு ஆன் அம்மையார்தான் ஞாபகம் வருகிறார். 1824இல் ஆங்கிலேயரோடு யுத்தம் தொடங்கி ஜட்சனை அப்போதைய தலைநகரான ஆவாவில் சிறையில் போட்டபோது, வெளியில் இருந்தவர் அவர். அந்தக் காலத்துச் சிறையில் சாப்பாடு வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. கர்ப்பமாக இருந்துகொண்டே சாப்பாடு கொண்டுபோனார், அதிகாரிகளின் வீட்டு வாசலில் நின்று கெஞ்சினார், மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். யுத்தம் முடிந்த அதே 1826இல் அம்ஹர்ஸ்டில் காய்ச்சலில் இறந்துபோனார். அந்தத் தலையணையைப் பற்றி எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். அந்தச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகத்தான் பேசுகிறோம் என்று எனக்குத் தோன்றும். அந்தச் சாப்பாடு போகாமல் இருந்திருந்தால் மொழிபெயர்ப்பை முடிக்க ஆள் இருந்திருக்காது.

என் நோட்டில் எழுதியிருக்கும் மூன்று பேரில் ஒருவர் தமிழ், வார்டில் எல்லோரும் தட்டோன் பாட்டி என்பார்கள். அவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா தட்டோனில் கடை வைத்திருந்தார். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மே மாதத்தில் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள், அதன் பிறகு குடும்பம் குடும்பமாக நம்மவர்கள் கப்பல் ஏறினார்கள். பாட்டியின் அப்பா, அம்மா, தம்பி, தங்கைகள் எல்லோரும் மெட்ராஸுக்குப் போனார்கள். போட்டிருந்த நகையைக்கூடக் கொண்டுபோக விடவில்லை என்பார். பாட்டி மட்டும் போகவில்லை. அதற்கு முந்தின வருடம்தான் சபையில் பழக்கமான, கரேன் இனத்தைச் சேர்ந்த ஒருவரைக் கட்டியிருந்தார், வீட்டில் ஒருவருக்கும் இஷ்டமில்லாத கல்யாணம். "துறைமுகத்துக்குப் போனீங்களா பாட்டி?" என்று கேட்டேன். "போனேன் புள்ள. எங்கப்பா என் முகத்தப் பாக்கல. எங்கம்மா மட்டும் முறுக்குச் சுட்டு எடுத்தாந்து குடுத்தா, வழியில சாப்புடன்னு. கப்பல்ல போறது அவ, வழியில சாப்புடச் சொல்றது என்ன" என்றார். அதற்கப்புறம் அம்மாவைப் பார்க்கவே இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பர்மா காலனியிலிருந்து கொஞ்ச வருடம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது.

அந்தக் கரேன் தாத்தாவோடு நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். கடைசிக் காலத்தில் தாத்தாவுக்கு ஞாபகம் போய்விட்டது, பாட்டியை யாரென்றே தெரியாமல் "அம்மா" என்று கூப்பிடுவாராம். "வருத்தமா இல்லையா?" என்றேன். "அந்த மனுஷனுக்கு நான் யாருன்னு தெரியாட்டி என்ன, எனக்கு அவரு யாருன்னு தெரியுமே" என்றார். கஞ்சிக் கரண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன், "ஊட்டு புள்ள, ஆறுது" என்று அவர்தான் அதட்டினார். கல்லூரியில் அன்பைப் பற்றி ஒரு பருவம் முழுதும் படித்திருக்கிறேன், கொரிந்தியர் முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தைக் கிரேக்கச் சொல் சொல்லாகப் பிரித்துக் கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்தப் படிப்பு வேண்டியதுதான், அதைக் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் கல்யாணத்தைப் பற்றி யாராவது என்னிடம் இனி அறிவுரை கேட்டால் இந்தப் பாட்டியைத்தான் சொல்லுவேன்.

விசுவாசத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் கேள்வி. இல்லம் சபைகளுடையது, ஆனால் உள்ளே இருப்பவர்களில் பௌத்தர்கள் நிறைய, இந்துக்கள் இருக்கிறார்கள், முஸ்லிம் தாத்தா ஒருவரும் இருக்கிறார். பத்து மணிக்கு ஹாலில் ஜெபம், விருப்பமுள்ளவர்கள் வருகிறார்கள், வராதவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. என் மூன்று பேரில் இன்னொருவர் பௌத்த மூதாட்டி, கை நடுக்கத்தால் மணிமாலையை உருட்ட முடியாது. ஒவ்வொரு மணியாக என் விரலால் நகர்த்திக் கொடுக்கச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் தயக்கம் இருந்தது, எங்கள் பாஸ்டரிடம் கேட்டேன். "நடுங்குகிற கையைப் பிடித்துக்கொள்ள அனுமதி கேட்டா வந்தாய் அம்மா?" என்றார். அதன் பிறகு தயங்கவில்லை. அவர் அவருடைய வார்த்தைகளைச் சொல்வார், நான் மணியை நகர்த்திக்கொண்டே மனதுக்குள் அவருக்காகக் கர்த்தரிடம் பேசுவேன். அவருக்கும் அது தெரியும், ஒரு நாள் "நீயும் ஏதோ சொல்றியே" என்று பர்மியத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மத்தேயு 25ஆம் அதிகாரம் எல்லோருக்கும் தெரியும். பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தீர்களே, அது எனக்கே கொடுத்தது என்று இயேசு சொல்கிற இடம். முதல் வருடத்தில் ஒவ்வொரு கட்டிலிலும் இயேசுவைப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கட்டாயப்படுத்திக்கொண்டு போவேன். தெரிந்ததெல்லாம் தட்டோன் பாட்டிதான், அவருடைய பல் இல்லாத வாயும் அதட்டலும்தான். பிறகு ஒரு நாள் அதே அதிகாரத்தை வாசிக்கும்போது கவனித்தேன், அங்கே வலது பக்கம் நிற்கிறவர்கள் "உம்மை எப்போது பார்த்தோம்?" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை. பசித்தவனைப் பசித்தவனாகவே பார்த்துச் சோறு போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து நான் பாட்டியைப் பாட்டியாகவே பார்க்கிறேன், மனதுக்கு எவ்வளவோ லேசாக இருக்கிறது.

இதெல்லாம் நம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மிங்குனில் 1915இலும் யாங்கூன் ஹ்னின்சிகோனில் 1933இலும் முதியோர் இல்லங்களைத் தொடங்கியவர் தௌ ஊ சூன் என்ற பௌத்தப் பெண்மணி. உலகக் கொடைப் பட்டியலில் 2014 முதல் 2017 வரை மியன்மார்தான் முதலிடம், முதல் வருடம் மட்டும் அமெரிக்காவோடு சேர்ந்து. எங்கள் இல்லத்திலும் பல நாள் சாப்பாடு பௌத்தக் குடும்பங்களின் காணிக்கைதான். பிறந்த நாள், பெற்றோரின் திதி என்று ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்கிறார்கள், குடும்பமே வந்து தட்டு வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கத்தோலிக்கரில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபைக்கும் யாங்கூனில் ஓர் இல்லம் உண்டு. அந்தச் சபை எப்படித் தொடங்கியது தெரியுமா, 1839 குளிர்காலத்தில் பிரான்சில் ஜான் ஜுகான் என்ற பெண் பார்வையில்லாத ஒரு மூதாட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்து தன் கட்டிலைக் கொடுத்தார். அவ்வளவுதான் தொடக்கம்.

என் சொந்த விஷயமும் இதில் கொஞ்சம் இருக்கிறது. நான் விரும்புகிறவர் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் இருந்தவர், இதே இல்லத்தில் ஆண்கள் வார்டில் சனிக்கிழமை வேலை செய்தவர். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு, எத்தனையோ பையன்கள் போல அவரும் தாய்லாந்து போய்விட்டார், இப்போது மகாச்சாயில் வேலை. ஞாயிறு இரவு பேசுவோம், நெட் இருந்தால். எப்போது திரும்புவார் என்று தெரியாது. தூரத்தில் இருக்கிறவரை நேசிப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தந்தது சனிக்கிழமைதான். சொன்ன நேரத்துக்கு இருப்பது, முடியாவிட்டால் முன்னாலேயே சொல்லிவிடுவது, மனது சரியில்லாத நாளிலும் போவது. அவரும் இந்த நோட்டில் பெயர் எழுதிப் பழகியவர் என்பதால் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை.

இல்லத்தில் குறைகளே இல்லையா? இருக்கின்றன, எழுதத்தான் வேண்டும். பயிற்சி போதாது. அரை நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு வார்டில் விட்டுவிடுகிறார்கள், மூச்சு அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதை நான் இரண்டாம் வருடத்தில்தான் கற்றுக்கொண்டேன், அதுவும் வெளியில் முதலுதவி வகுப்புக்குப் போய். இது முதல் நாளே சொல்லித்தர வேண்டிய விஷயம், மேட்ரன் அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். நர்ஸ் ஒருவரே இரண்டு வார்டும் பார்க்கிறார். மின்சாரம் மணிக்கணக்கில் இருக்காது, வெயில் மாதங்களில் மின்விசிறி இல்லாமல் வார்டு வெந்துபோகும், நாம் விசிறிக்கொண்டே ஊட்ட வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கக் காசு போதவில்லை. இறப்பு வரும். நம் நோட்டில் உள்ள ஒரு பெயர் அடுத்த சனிக்கிழமை இருக்காது. புதிதாக வருகிற பிள்ளைகளிடம் அதைப் பற்றி உட்கார்ந்து பேச அங்கே ஆள் இல்லை, அது பெரிய குறை. வருகிறவர்கள் தங்கள் பாஸ்டரோடோ ஒரு பெரியவரோடோ முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. 2025 மார்ச் 28இல் 7.7 அளவு நிலநடுக்கம் வந்தபோது யாங்கூன் பிள்ளைகள் லாரி லாரியாக மாண்டலே, சகாயிங் பக்கம் போனார்கள், தண்ணீரும் தார்ப்பாயும் கொண்டுபோய் இடிபாடுகளில் வேலை செய்தார்கள். போக வேண்டியதுதான், என் வகுப்பிலும் பலர் போனார்கள். அந்த வாரங்களில் இல்லத்தில் ஆளே இல்லை. நானும் போகத்தான் துடித்தேன், அந்தச் சனிக்கிழமை மேட்ரன் அக்கா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வராதவர்களின் முதியவர்களை மற்றவர்களுக்குப் பிரித்து எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு இருந்துவிட்டேன். அவர் என்னை இருக்கச் சொல்லவில்லை. தூரத்துப் பேரழிவுக்கு ஓடுகிற ஊர் இது, அதில் எனக்குப் பெருமைதான், ஆனால் பக்கத்துத் தெருவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கவும் ஆள் வேண்டும்.

போகிறவர்களுக்கு: சுற்று ரயிலில் தாம்வேயில் இறங்கி நடக்கலாம், இன்செயினிலிருந்து வருகிறவர்கள் காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும், ரயில் தாமதமாகும், அவசரம் என்றால் வைபிஎஸ் நகரப் பஸ். லுங்கி கட்டிக்கொண்டு வாருங்கள், குனிந்து நிமிர வசதியாக இருக்கும். மோதிரம், வளையல் வேண்டாம், முதியவர்களின் தோல் லேசில் கிழியும். சளி, காய்ச்சல் இருந்தால் தயவுசெய்து வராதீர்கள். பத்தரைக்கு டீயும் ஒரு பலகாரமும் தருவார்கள், சில சனிக்கிழமைகளில் காணிக்கைக் குடும்பம் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) கொடுத்தால் நமக்கும் ஒரு கிண்ணம் கிடைக்கும். பயணச் செலவு நம்முடையது, சான்றிதழ் கிடையாது. பொருளாகக் கொடுக்க நினைப்பவர்கள் நூடுல்ஸும் பிஸ்கட்டும் வேண்டாம், அது அலமாரி நிறைய இருக்கிறது. பெரியவர்களுக்கான டயப்பர், கையுறை, தேங்காய் எண்ணெய், பால் மாவு, டீசல் காசு, இவைதான் எப்போதும் பற்றாக்குறை.

பெண்கள் வார்டுக்கு இப்போது ஓரளவு ஆள் இருக்கிறது. ஆண்கள் வார்டுக்குத்தான் இல்லை, பையன்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், இருப்பவர்கள் வெளியே வரப் பயப்படுகிறார்கள், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வரக்கூடியவர்கள், முக்கியமாக ராணுவத்துக்கு எடுக்கிற வயது கடந்த அண்ணன்மார், மாமாமார் யாராவது இதைப் படித்தால், ஷேவ் செய்துவிடத் தெரிந்தால் போதும், சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்து மேட்ரன் அக்காவிடம் பெயர் கொடுங்கள். கத்தியும் சோப்பும் இல்லத்திலேயே இருக்கிறது.